பக்கவாதத்துக்குப் பின் வரும் மறதி: நாம் பார்க்கத் தவறும் பாதி நோய்

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைப் பார்க்கப் போனால் நம் ஊர்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "கையும் காலும் வந்துட்டா?" என்பதுதான். தக்கலையிலும் குளச்சலிலும் இடலாக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இதே கேள்விதான். நோயாளி கையைத் தூக்கிக் காட்டுகிறார். கட்டிலை விட்டு எழுந்து நான்கு எட்டு நடந்து காட்டுகிறார். அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். அவருக்காக துஆ செய்துவிட்டு, கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு எழுகிறோம். சுகமாகிவிட்டது என்ற செய்தி அடுத்த தொழுகைக்குள் மஹல்லா முழுவதும் பரவிவிடுகிறது. காலை மாத்திரையை அவர் அன்று இருமுறை விழுங்கியதும், பேரனைத் தம் தம்பியின் பெயரால் அழைத்ததும், பால்காரருக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை எண்ண முடியாமல் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும் அவருடைய மனைவிக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். அந்த அம்மையார் அவற்றை நம்மிடம் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

நமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவர்களுடைய இசைவோடு, ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு இங்கே எழுதுகிறோம். வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் திரும்பி, சொந்த ஊரில் கடை வைத்தவர் அவர். அறுபதை நெருங்கும் வயது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தன. மாத்திரை சில நாள் உண்டு, பல நாள் இல்லை. ஒரு நாள் சுப்ஹுக்கு எழ முயன்றபோது இடது கையும் இடது காலும் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் நடக்கத் தொடங்கினார். பேச்சில் ஒரு குறையும் இல்லை; பழைய கேலியும் கிண்டலும் அப்படியே இருந்தன. பள்ளிக்கும் வரத் தொடங்கினார். ஓர் அஸர் ஜமாஅத்தில் இமாம் முதல் இருப்பிலிருந்து எழுந்தபோது இவர் எழவில்லை; ஸலாம் கொடுத்துவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார். இன்னொரு நாள் எல்லாரும் ஸலாம் கொடுத்து முடித்தபின் இவர் மட்டும் எழுந்து தக்பீர் கட்டி நின்றார். அன்று தொழுகை முடிந்ததும் ஸஃப்பிலிருந்த ஒருவர், பலரும் கேட்க, "என்னவே, தொழக்கூட மறந்து போச்சா? துனியா நெனப்பு!" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்த ஸஃப்பில் நாமும் இருந்தோம். நாம் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. அதன்பின் அவர் பள்ளிக்கு வரவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறொன்று தெரியவந்தது. தம் தென்னந்தோப்பை, ஊர் விலையில் பாதிக்கும் குறைவாக, ஒருவருக்கு விற்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணமும் வாங்கியிருந்தார். எவ்வளவு வாங்கினார், எங்கே வைத்தார் என்று சொல்ல அவரால் இயலவில்லை. வாப்பா தங்களுக்குத் தெரியாமல் விற்கப் பார்த்தார் என்று மகன்கள் கொதித்தார்கள். அவர் தெளிவாகத்தான் பேசினார் என்று வாங்கியவர் சத்தியம் செய்தார். வாங்கியவர் சொன்னது பொய்யல்ல. தெளிவாகப் பேசுவது வேறு, கணக்கை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பது வேறு. முதலாவது அவரிடம் எஞ்சியிருந்தது; இரண்டாவது போய்விட்டிருந்தது.

இது எப்படி நேர்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதால் வருபவை. அடைபட்ட குழாய் எந்தப் பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்கிறதோ அந்தப் பகுதி பட்டினி கிடந்து மடிகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கை, கால் அசைவுக்கான நரம்புப் பாதையில் அடி விழுந்தால் அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நினைவு, கவனம், ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்வது, நல்லது கெட்டதை எடைபோடுவது ஆகியவற்றுக்கான பகுதிகளில் அடி விழுந்தால் முகத்தில் எதுவும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நீண்ட காலம் கட்டுக்கடங்காமல் இருந்தவர்களுக்கு மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய குழாய்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துபோயிருக்கும். பெரிய பக்கவாதம் வருமுன்பே பாதிச் சேதம் நடந்துமிருக்கும்.

அமெரிக்க இதயச் சங்கம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்றின்படி, பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் 60 விழுக்காடு வரையானோருக்கு முதல் ஓராண்டுக்குள் நினைவிலோ சிந்தனையிலோ ஏதேனும் ஒரு குறை தென்படுகிறது. மூன்றில் ஒரு பங்கு வரையானோருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் அது முழு மறதிநோயாக முற்றக்கூடும். நம் மஹல்லாக்களில் பக்கவாதம் கண்டவர்கள் எத்தனை பேர் என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் இந்தக் குறையோடு வாழ்ந்திருக்கக்கூடும். நாம் எத்தனை பேரை அப்படி அறிந்திருந்தோம்?

எந்தப் பக்கம் அடி விழுந்தது என்பதைப் பொறுத்து நாம் செய்யும் தவறும் மாறுகிறது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் இடப்பக்கம் தளர்கிறது. பேச்சு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் இடப்புறம் இருக்கும் பொருளும் ஆளும் கவனத்தில் படாமல் போகலாம். தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு எழுபவர்கள் இருக்கிறார்கள். தமக்கு ஒரு குறை இருக்கிறது என்ற உணர்வே இல்லாமலும் போகலாம். "எனக்கு ஒண்ணுமில்லை" என்று அவர் சொல்வது பிடிவாதத்தால் அல்ல. குறையை அறிந்து சொல்லவேண்டிய பகுதியே பழுதாகிவிட்டது. பேச்சு நன்றாக இருப்பதால் அப்படிப்பட்டவரை நாம் முழுச் சுகமென்று எண்ணிவிடுகிறோம். தோப்பை விற்க முனைந்தவரின் கதை இதுதான்.

இடப்பக்க மூளையில் அடி விழுந்தவருக்கு நேர்மாறான அநீதி நடக்கிறது. அவருக்குச் சொல் வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செருப்பு என்கிறார். உடனே அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அவரோ பல நேரங்களில் நாம் பேசுவதை விளங்கிக்கொண்டுதான் அமர்ந்திருக்கிறார். மகனின் பெயரைச் சொல்ல இயலாத ஒருவர் ஃபாத்திஹா சூராவைத் தட்டுத் தடங்கலின்றி ஓதுவதைக் கண்டு வீட்டார் திகைப்பதுண்டு. நெடுங்காலம் ஓதி ஓதிப் பழகியதும் இராகத்தோடு பாடியதும் தாமே கோத்துச் சொல்லும் பேச்சிலிருந்து வேறான வழியில் மூளையில் தங்கியிருப்பதால், பேச்சு போன பின்னும் அவை எஞ்சுவதுண்டு என்று மருத்துவம் விளக்குகிறது. தக்கலையில் ரஜப் மாதத்தில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை இரவு முழுதும் பாடும் கூட்டத்தில், அன்றாடப் பேச்சுக்குத் தடுமாறும் ஒரு முதியவர் அடி பிசகாமல் சேர்ந்து பாடினால் அதில் வியப்பில்லை. அதை வைத்து, இவர் வேண்டுமென்றேதான் வீட்டில் பேச மறுக்கிறார் என்று குற்றம் சொல்வோரும் நம்மில் இருக்கிறார்கள். அது பெரும் பாவமென்றே நாம் நினைக்கிறோம்.

பெண்களுக்கு இந்நோய் வரும்போது அது இன்னும் ஆழமாக மறைந்துபோகிறது. உம்மா மீன்குழம்பில் இருமுறை உப்புப் போட்டால் "வயசாயிட்டு" என்கிறோம். அடுப்பை அணைக்காமல் விட்டால் கவனமில்லை என்கிறோம். முப்பது பேருக்கு நெய்ச்சோறு ஆக்கி இறக்கியவர், இன்று எதை முதலில் அரிவது என்று தெரியாமல் அடுக்களையில் நின்றால், அது வரிசைப்படுத்தும் திறனைப் பறித்துக்கொண்ட நோய் என்று நமக்குத் தோன்றுவதில்லை. சிடுசிடுப்பு, காரணமில்லாத அழுகை, எதிலும் ஈடுபாடின்மை ஆகியவையும் பக்கவாதத்தின் பின்விளைவுகளாகலாம். இவற்றுக்குக் கண்ணேறு, ஜின், சூனியம் என்று பெயர் சூட்டி நாளைக் கடத்தும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. குர்ஆன் ஓதுவதில் ஷிஃபா உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். ஓதுவதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று தடையல்ல. தடையாக்கிக் கொண்டவர்கள் நாம்தான்.

இனி பள்ளியில் நடந்ததற்கு வருவோம். தொழுகையில் மறதி ஏற்பட்டதற்காக ஒருவரைப் பலர் முன்னிலையில் பழிக்க நமக்கு என்ன உரிமை? அண்ணல் நபி (ஸல்) அவர்களே நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டோடு ஸலாம் கொடுத்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் அங்கே இருந்தார்கள்; மரியாதையின் அச்சத்தால் பேசவில்லை. துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர்தாம், தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா அல்லது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நபியவர்கள் பிறரிடம் விசாரித்து, விடுபட்டதை நிறைவேற்றி, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள். மற்றொரு முறை ஐந்து ரக்அத் தொழுதுவிட்டபோது, தாமும் மனிதரே, பிறர் மறப்பதுபோல் தாமும் மறப்பதுண்டு, அப்போது நினைவூட்டுங்கள் என்ற கருத்தில் தோழர்களிடம் சொன்னார்கள். துல்யதைனின் கேள்வியையும் நம் ஸஃப்பில் எழுந்த கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மறதியைப் பற்றியவைதாம். ஒன்றில் அதபு இருந்தது. மற்றதில் அது இல்லை.

இதைவிட நம்மை வருத்துவது வேறொன்று. மறதிக்காரருக்கு மிக எளிதான தொழுகை ஜமாஅத் தொழுகைதான். தனியே தொழுபவர் தாமே எண்ண வேண்டும். ஜமாஅத்தில் இமாம் எண்ணிக்கொள்கிறார். பின்பற்றித் தொழுபவர் தமக்குள் மறந்துபோனதற்காகத் தனியே மறதி ஸஜ்தா செய்யவேண்டியதில்லை என்பது மத்ஹபுகள் ஒப்புக்கொண்ட சட்டம். இமாமின் தொழுகை அதைச் சுமந்துகொள்கிறது. எண்ண இயலாத ஒருவருக்கு மார்க்கம் கொடுத்த ஊன்றுகோல் அது. அந்த ஊன்றுகோலைத்தான் ஒரு சொல்லால் நாம் பிடுங்கிவிட்டோம். முழங்கால் வலிக்காரர்களுக்காகப் பள்ளியில் நாற்காலி போடலாமா, எந்த ஸஃப்பில் போடலாம் என்று ஆண்டுக்கணக்கில் விவாதித்த சமூகம் நாம். மூளையில் அடிபட்டவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவது பற்றி ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை.

வீட்டில் தொழுபவருக்கும் வழி உண்டு. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபியவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அனுமதி நாம் அறிந்ததே. உடலின் இயலாமைக்குச் சொல்லப்பட்ட இந்தச் சலுகையை நினைவின் இயலாமைக்கும் ஃபிக்ஹு அறிஞர்கள் நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். ரக்அத்துகளின் எண்ணிக்கையும் ஸஜ்தாக்களின் எண்ணிக்கையும் குழம்பிப்போகும் நோயாளியைப் பற்றி, ஹனஃபி நூலான துர்ருல் முக்தார் பேசுகிறது. மயக்கத் தூக்கத்தால் அப்படிக் குழம்புபவர்மீது அத்தொழுகையை நிறைவேற்றும் கட்டாயம் இல்லை. ஆயினும் பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொடுக்க அவர் தொழுதால் அது நிறைவேறியதாகக் கொள்ளத்தக்கது என்பது அங்கே காணப்படும் கருத்து. நம் மாவட்டத்தில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் கலந்தே வாழ்கிறோம். அவரவர் ஆலிமிடம் தம் வீட்டு நோயாளியின் நிலையை விரிவாகச் சொல்லிக் கேட்பதே முறை. விரிவாக என்பதை அழுத்திச் சொல்கிறோம். "வாப்பாவுக்கு மறதி" என்ற இரண்டு சொல்லை வைத்து எந்த ஆலிமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சில நேரம் தெளிவாக இருக்கிறாரா, தொழுகை நேரம் தெரிகிறதா, வுழூவின் வரிசை நினைவிருக்கிறதா, நோன்பு என்பது என்னவென்று விளங்குகிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். முற்றிலும் சுயநினைவின்றிப் போனவருக்கும், பாதி நேரம் தெளிவாக இருப்பவருக்கும் சட்டம் ஒன்றல்ல. நோன்பு, ஃபித்யா, ஸகாத் எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு வருகிறது. புத்தி சுவாதீனமற்றவரின் செல்வத்திலும் ஸகாத் உண்டு, பொறுப்பாளர் அதைக் கொடுக்க வேண்டும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபி மத்ஹபில் விளைச்சலைத் தவிர மற்றவற்றில் அக்கடமை இல்லை. கோபத்தில் நிதானமிழந்து தலாக் என்ற சொல்லை உதிர்த்துவிடும் நோயாளிகளின் வீடுகளும் உண்டு. அங்கே அச்சத்தில் உறைந்துபோகும் மனைவியருக்குச் சொல்வோம்: அறிவு தெளிவற்றவர் சொல்லும் தலாக் செல்லாது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவர் அந்நேரம் எந்நிலையில் இருந்தார் என்பதுதான் ஆராயப்பட வேண்டியது. அதற்கு மருத்துவச் சான்று துணை நிற்கும்.

நினைவிழந்தவரின் கண்ணியத்தைக் காப்பது எப்படி என்பதற்கு நம் மரபிலேயே ஒரு பாடம் இருக்கிறது; அதை நாம் ஹதீஸ் கலை மாணவர்களுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கி வைத்துவிட்டோம். ஹதீஸ் அறிவிப்பாளர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் நினைவு பிறழ்ந்தது. காரணம் முதுமையோ நோயோ துயரமோ எதுவாயினும், அதற்கு இக்திலாத் என்று பெயரிட்டு, யார் யாருக்கு எப்போது நேர்ந்தது என்பதை அறிஞர்கள் பதிவு செய்தார்கள். கூஃபாவின் அதா இப்னு அஸ்ஸாயிப் அவர்களிடம் தொடக்கக் காலத்தில் கேட்ட சுஃப்யான் ஸவ்ரீ, ஷுஅபா போன்றோரின் அறிவிப்புகள் ஏற்கப்பட்டன; நினைவு பிறழ்ந்தபின் கேட்டவர்களுடையவை ஒதுக்கி வைக்கப்பட்டன. பிற்காலத் தடுமாற்றத்துக்காக அவருடைய முற்காலத்தை யாரும் தள்ளிவிடவில்லை. முற்காலப் பெருமைக்காகப் பிற்காலத் தவறுகளை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம், ஹிஜ்ரி 170-இல் மறைந்தவர். அவருக்கு நினைவு பிறழத் தொடங்கியதை அவருடைய பிள்ளைகள், அவர்களும் ஹதீஸ் கற்றவர்கள், உணர்ந்தவுடன், பாடம் கேட்க வருவோர் அவரை அணுகாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆகவே அந்நிலையில் அவரிடமிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை என்று அப்துர்ரஹ்மான் இப்னு மஹ்தீ சான்று சொல்லியிருக்கிறார். வாப்பாவின் பெயரில் ஒரு பிழையும் வெளியே போகக்கூடாது என்று நின்ற பிள்ளைகள் அவர்கள். நோய் தொடங்கியதை அவர்கள் முதலில் கவனித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கவனிக்காதிருந்தால் காத்திருக்கவும் முடியாது.

தோப்பு விற்ற வீட்டில் கவனிக்கப்படாமல் போனதும் அதுவே. கடனைப் பற்றிய நீண்ட வசனத்தில் (2:282), கடன் பெறுபவர் அறிவு குறைந்தவராகவோ பலவீனராகவோ தாமே வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். இந்நிலை மனிதருக்கு வரும் என்பதை எதிர்பார்த்தே மார்க்கம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. நாட்டின் சட்டமும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதன் பொருளை விளங்கி, தம் நலனுக்கு அது என்ன செய்யும் என்று பகுத்தறிந்து முடிவெடுக்க இயலாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முன்பே பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம், இனிக் கவலையில்லை என்று நம்பியிருப்போர் பலர். அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவு சொல்வது இது. ஆகவே பக்கவாதம் வந்த வீட்டில் நிலம், வங்கி, நகை தொடர்பான எதையும் ஒரு வழக்கறிஞரைக் கலந்தபின் செய்வது நல்லது. குடும்பத்துக்குள்ளேயே பறிக்க நினைப்பவர்களும் உண்டு என்பதை நாம் அறியாதவர்களல்லர். பொறுப்பாளராக ஒரு மகன் அமர்ந்தால், மற்றப் பிள்ளைகளும் ஜமாஅத்தில் நம்பிக்கையான இருவரும் அறிய வரவு செலவை எழுதி வைக்கட்டும். வசனம் நீதியோடு என்று சொல்வது பொறுப்பாளரை நோக்கித்தான்.

இனி மருத்துவம். முகம் கோணினாலோ கை தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். நம் மாவட்டத்தில் வர்மமும் உழிச்சிலும் வேரூன்றிய மரபுகள், அவற்றை மதிக்கிறோம். ஆனால் அந்த முதல் மணி நேரங்களில் ஆசானைத் தேடி ஆட்டோ பிடித்துப் போனவர்கள் இழந்ததைப் பின்னர் எந்த எண்ணெயும் திருப்பித் தரவில்லை.

நடக்கத் தொடங்கியபின் நினைவையும் சோதித்துத் தரும்படி மருத்துவரிடம் நாமாகக் கேட்க வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் அவர் தாமாகக் கேட்க நேரமிருக்காது. மொகா என்றொரு சோதனை, 30 மதிப்பெண், பத்து நிமிடம், தமிழிலும் இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. மேலும் விரிவான சோதனை தேவையென்றால், நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது. பக்கவாதத்துக்கும் நினைவுக் கோளாறுக்கும் தனித்தனிப் பிரிவுகள் அங்கே உண்டு. மனச்சோர்வு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சடைப்பு, தூக்க மாத்திரை ஆகியவை மறதியை மோசமாக்குவன; இவற்றைக் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். எல்லாமே கீழ்நோக்கித்தான் போகும் என்று கைவிட வேண்டாம். இலேசான குறை உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுமையாகவே மீள்கிறார் என்று முன்சொன்ன அறிக்கை கூறுகிறது. முதல் ஆறு மாதங்கள் இதற்கு மிக முக்கியமானவை.

மீட்சியைவிட நம் கையில் அதிகம் இருப்பது அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பது. முதல் பக்கவாதத்துக்குப் பின் பத்தில் ஒருவருக்குப் புதிதாக மறதிநோய் வருகிறது. மீண்டும் மீண்டும் வந்தவர்களிலோ மூன்றில் ஒருவருக்கு மேல். இரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பதே இன்று மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் கூடும் கடலோரச் சாப்பாடு அதற்கு இடம் கொடுக்காது. பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் உண்டு. அப்படி வரும் பெண் ஊழியரை வாசலிலேயே அனுப்பிவிடாமல், வீட்டிலுள்ளவரின் மறதியைப் பற்றியும் அவரிடம் சொல்லலாம். ரமளான் பிறந்ததும் பகல் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுகிறார்கள் சிலர். ஷஅபானிலேயே மருத்துவரைப் பார்த்து நேரத்தை மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நோன்பு கூடாதென்று அவர் சொன்னால் அல்லாஹ் தந்த சலுகையை மனமார ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் தற்போதைய நிலையைச் சொல்லி முடிக்கிறோம். முன்பணம் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டியில், துணிகளுக்கு அடியில் கிடைத்தது. பெரியவர்கள் இருவர் பேச, வாங்கவிருந்தவர் தம் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தைக் கிழித்தார். அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக. ஆசாரிப்பள்ளத்தில் சோதித்து, மருந்தும் பயிற்சியும் தொடர்கின்றன. வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் நாளும் தொழுகை நேரமும் எழுதிய பலகை தொங்குகிறது. மாத்திரைகள் ஏழு நாள் பெட்டியில் இருக்கின்றன. மஃரிபுக்கு மட்டும் அவர் மீண்டும் பள்ளிக்கு வருகிறார். பதினொரு வயதுப் பேரன் அவருக்கு வலப்பக்கம் நிற்கிறான். இடப்பக்கம் நின்றால் அவர் கவனத்தில் படாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இமாம் எழும்போது இவர் எழாவிட்டால் அவன் முழங்கையால் மெல்லத் தொடுகிறான்.

இடையில் அவர் ஏன் பள்ளிக்கு வராமலிருந்தார் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. போக வேண்டாம் என்று மட்டும் தோன்றியதாம். அடியார்களுக்குச் செய்த குற்றத்தை அவர்களிடமே தீர்க்க வேண்டும் என்பதால், நாம் அவரைத் தேடிப் போய் அன்று வாய் மூடி இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். எதற்கு என்று கேட்டார். அந்த அஸர் அவருக்கு நினைவில்லை. சாயா கொண்டுவந்த அவருடைய மனைவிக்கு நினைவிருந்தது.